மூன்று ஒன்பதுக்காரி

குளியலறைக் கதவைச் சின்னவள் இரண்டு விரலை மடித்துத் தட்டுகிறாள்.

“அத்தான், இருக்கீங்களா?”

“இருக்கேன்.”

“சரி.”

திரும்பி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறாள். அவளுக்குக் குளிக்கவும் வேண்டாம், முகம் கழுவவும் வேண்டாம், அத்தானிடம் சொல்ல ஒரு சேதியும் இல்லை. உள்ளே இருப்பவர் கேட்டால் பதில் சொல்கிறாரா என்று தெரிய வேண்டும். தெரிந்துவிட்டது. முகத்தில் விருந்து சாப்பிட்டு எழுந்தவளின் நிறைவு.

“ஏம்மா, உன் தங்கச்சிய கொஞ்சம் அடக்கி வையேன்!” என்று உள்ளேயிருந்து அத்தானின் குரல் வருகிறது. அவர் பேருந்து ஓட்டுகிறவர். அதிகாலை வண்டி எடுத்து, மதியம் திரும்பி வந்து குளிப்பார். “என் பஸ்ல டிக்கெட் பரிசோதகர்கூட இத்தன தடவ ஏறினதில்ல.”

“ஒரு வார்த்தைதானே, சொல்லிட்டுப் போங்களேன்” என்கிறாள் பெரியவள், தையல் இயந்திரத்தின் மிதியிலிருந்து காலை எடுக்காமல். தங்கை கதவைத் தட்டினால் அது தொழில். கணவர் முணுமுணுத்தால் அது வம்பு. இந்த வீட்டு நியாயம் அப்படி.

சின்னவளுக்கு இந்தப் பழக்கம் வேலையிலிருந்து வந்ததா, பழக்கத்துக்குத் தகுந்த வேலை வந்ததா என்பது பெரியவளுக்கே குழப்பம். ஏழு வயதில் அவள், தூங்குகிற அப்பாவின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்துவிட்டு, “அக்கா, அப்பா இருக்காரு” என்று வந்து சொன்னவள். இப்போது அதற்குத்தான் ஒரு நிறுவனம் அவளை வைத்திருக்கிறது. நிறுவனத்திடம் பல சர்வர்கள். பல அலுவலகங்களின் இணையப் பக்கங்கள் அவற்றில் குடியிருக்கின்றன. அந்த சர்வர்கள் கூப்பிட்ட குரலுக்கு ஏன் என்று கேட்கின்றனவா, வருடத்தில் எவ்வளவு நேரம் கேட்கவில்லை என்று அளந்து சொல்வது சின்னவளின் வேலை. வாரத்தில் பாதி நாள் அலுவலகம். மீதி நாள் வீட்டு முன்னறையில், பெரியவளின் தையல் இயந்திரத்துக்கு எதிரே ஒரு மேசை, அதன்மேல் ஒரு திரை, திரை நிறைய, சர்வருக்கு ஒன்றாக, பச்சைப் புள்ளிகள்.

அளப்பதற்கு அவள் வைத்திருக்கும் விதிகள் வீட்டுக்கும் பொருந்தும். ஒரு தடவை கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் ஆள் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. “காது அடைச்சிருக்கலாம். வாய்ல பல் விளக்குற பிரஷ் இருக்கலாம். மூணு தடவ கேக்கணும்.” ஒரே இடத்தில் நின்று கேட்கவும் கூடாது. “குறை நம்ம தொண்டைல இருந்தா?” அதனால் குளியலறை வாசலில் ஒன்று, சமையலறையிலிருந்து ஒன்று, சில நாள் தெருவில் இறங்கி ஜன்னல் வழியாக ஒன்று. தெருவில் நின்று “அத்தான், இருக்கீங்களா?” என்று அவள் கூவியபோது எதிர் வீட்டுக்காரர் பயந்து போய் வெளியே வந்துவிட்டார்.

மூன்றாவது விதிதான் அத்தானுக்குப் பிடித்தது. முன்கூட்டியே சொல்லிவிட்டுப் படுத்தால் அது குறையில் சேராது; அது பராமரிப்பு. சர்வரைச் சுத்தம் செய்ய, பழுது பார்க்க, இத்தனை மணிக்கு நிறுத்துகிறோம் என்று அறிவித்துவிட்டால் அந்த நேரம் கணக்கில் வராது. இதைக் கேட்ட நாளிலிருந்து அவர் சாப்பிட்ட தட்டோடு எழுந்து, “ரெண்டுலேருந்து நாலு வரைக்கும் மெயின்டனன்ஸ். எல்லாரும் கேட்டுக்கோங்க” என்று அறிவித்துவிட்டுத்தான் படுக்கிறார். கடைக்குப் போகச் சொன்னால் அவசர மெயின்டனன்ஸ். உறவுக்காரர் வந்தால் நீட்டிக்கப்பட்ட மெயின்டனன்ஸ்.

தங்கை என்ன வேலை பார்க்கிறாள் என்று துணி தைக்க வருகிறவர்கள் கேட்பார்கள். கேட்காவிட்டாலும் பெரியவள் சொல்வாள். அவள் பத்தாவதோடு நின்றவள். ஆனால் ஊசிக்குக் கண் எந்தப் பக்கம் என்று பார்க்காமல் கோப்பவள். அளவு நாடாவை இரண்டு தடவை பிடிக்காமல் துணியில் கத்தரியை வைக்க மாட்டாள். தங்கையின் வேலையை அவள் தன் பாஷைக்கு மாற்றி வைத்திருக்கிறாள். “கம்ப்யூட்டருக்கு நாடி பிடிச்சுப் பாக்குறா.” இதைக் கேட்டவர்கள் அடுத்த தடவை பேன்ட்டோடு ஒரு செத்துப்போன கணினியையும் பையில் போட்டுக்கொண்டு வந்தார்கள். “நாடி பாக்கத்தான் தெரியும், வைத்தியம் தெரியாது” என்று சின்னவள் கையை விரித்துவிட்டாள். பேன்ட்டுக்கு மட்டும் ஜிப் மாறியது.

“நீ நாடி பாக்குற அந்த சர்வர ஒரு தடவயாவது நேர்ல பாத்திருக்கியாடி?”

“எதுக்குக்கா? நாடி பாக்குற வைத்தியர் நோயாளியோட கல்யாணப் படத்தையா பாத்துட்டு இருப்பாரு?”

ஆனாலும் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். இரும்பு அலமாரி, உள்ளே வரிசையாகத் தட்டுகள், காது கிழிகிற மின்விசிறிச் சத்தம், பல் நடுங்குகிற குளிர். வந்ததும் பெரியவளிடம் சொன்னாள்: “குளிர்சாதனப் பெட்டிக்குள்ள கிரைண்டர் ஓடுற மாதிரி இருக்கு. இதுக்கா நான் இவ்வளவு கவலப்படுறேன்னு ஆயிடுச்சு.”

அவர்கள் தொழிலில் எல்லாம் ஒன்பதுகள்தான். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது என்றால் இரண்டு ஒன்பது. அதற்குமேல் புள்ளி வைத்து இன்னொரு ஒன்பது வந்தால் மூன்று ஒன்பது. வருடம் முழுக்கச் சேர்த்து ஒன்பது மணி நேரத்துக்குள் மட்டுமே ஒரு சர்வர் பேச்சு மூச்சு இல்லாமல் கிடந்திருந்தால் அதற்கு மூன்று ஒன்பது. நான்காவது ஒன்பதை நினைத்துப் பார்க்கும்போது சின்னவளின் கண்ணில் சிறுமிகள் மிட்டாய்க் கடையைப் பார்க்கிற பார்வை வரும்.

இந்தக் கணக்குக்கு ஆட்களும் தப்புவதில்லை. உறவில் ஒருவர் ஒரு பையனைப் பற்றிச் சொன்னார். நல்ல வேலை, நல்ல உயரம், சிரித்த முகம். சின்னவள் அவனிடம் இரண்டு வாரம் தொலைபேசியில் பேசிப் பார்த்தாள். பிறகு பெரியவளிடம் வந்து உதட்டைப் பிதுக்கினாள்.

“என்னடி குறை?”

“மூணு தடவ கூப்பிட்டா ரெண்டு தடவதான் எடுக்கிறாருக்கா. அறுபத்தாறு சதவிகிதம். ஒரு ஒம்போதுகூட தேறல.”

“வேலையா இருந்திருப்பான்.”

“முன்கூட்டியே சொல்லணும்ல?”

அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. பையனின் சித்தி இன்றுவரை காரணம் புரியாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

சின்னவளின் மேலாளருக்கு ஒரு பெயர் இருக்கிறது. இந்த வீட்டில் யாருக்கும் அது தெரியாது. இங்கே அவர் பெயர் பச்சை. காலையில் தொலைபேசியில் அழைத்து, வணக்கம்கூடச் சொல்லாமல், “பச்சையா இருக்கா?” என்பார். “பச்சையா இருக்கு சார்.” “குட்.” வைத்துவிடுவார். அவ்வளவுதான் அவருடைய நிர்வாகம். சின்னவள் அளக்கிற சர்வர்களிலேயே பச்சைக்கு உயிரானது ஒன்று உண்டு. ஊர்த் தண்ணீர் அலுவலகத்தின் புகார்ப் பக்கம் அதில்தான் இருக்கிறது. குழாயில் தண்ணீர் வராவிட்டால் மக்கள் அந்தப் பக்கத்துக்குப் போய், பெயரும் வீட்டு எண்ணும் எழுதி, புகார் எண் வாங்கிக்கொள்ளலாம். வருடக் கடைசியில் அந்த சர்வர் மூன்று ஒன்பதுக்குமேல் காட்டினால் தண்ணீர் அலுவலகம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும். புதுப்பித்தால், ஒரு வருட ஒப்பந்தத்தில் இருக்கும் சின்னவளை நிரந்தரமாக்குவதாகப் பச்சை வாயால் சொல்லியிருந்தார். புதுப்பிக்காவிட்டால் அளப்பதற்கே ஒன்றும் இருக்காது, அளப்பவள் எதற்கு?

அந்த வருடம் கணக்கு ஓகோ என்று வந்துகொண்டிருந்தது. மூன்று ஒன்பதைத் தாண்டி நான்காவதன் வாசலில் கால் வைத்திருந்தது. பெரியவள் ஆழ்ந்த நீலத்தில் நல்ல துணி எடுத்து, திங்கட்கிழமைக் கூட்டத்துக்குத் தங்கை போட்டுக்கொண்டு போக ஒரு கோட்டு தைக்க ஆரம்பித்தாள். உள்பக்கம் ஒரு பை வைத்தாள். நிரந்தர வேலைக் கடிதத்தை மடிக்காமல் வைக்கிற அளவில். கடிதத்தின் நீள அகலம் அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். தபால் அலுவலகத்துக்குப் போய் உறையை அளந்து பார்த்துவிட்டு வந்தாள்.

“கடிதம் மின்னஞ்சல்ல வரும்க்கா.”

“அத அச்சு எடுக்க மாட்டியா? எடுத்துப் பையில வை.”

கூட்டத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மதியம் அத்தான் குளிக்கப் போனார். சின்னவள் வழக்கம்போல் எழுந்து போய்க் கதவைத் தட்டினாள்.

“அத்தான், இருக்கீங்களா?”

“இருக்கேன்! தண்ணிதான் இல்ல!”

குழாய் இருமிக்கொண்டிருந்தது. இரண்டு சொட்டு விட்டது. பிறகு அதுவும் இல்லை.

“தலையெல்லாம் சோப்பு! கண்ணத் தொறக்க முடியல! யாராவது ஏதாவது பண்ணுங்க!”

“வீட்ல குடிக்கிற தண்ணி ஒரு குடம்தான் இருக்கு” என்றாள் பெரியவள். “கண்ணுக்கு மட்டும் ஒரு டம்ளர் தர்றேன். மத்தது உங்க பாடு.”

“இருங்க அத்தான், பதறாதீங்க” என்று சின்னவள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டாள். முகம் ஒளி விட்டது. “நம்ம சர்வர்தான். இப்ப புகார் பண்றேன் பாருங்க.”

ஒரு வருடமாக அந்தப் பக்கத்தின் நாடியைப் பார்த்துக்கொண்டிருந்தவள், முதல் தடவையாக ஒரு காரியமாக அந்தப் பக்கத்துக்குப் போகிறாள். கைபேசியில் திறந்தாள். நீர்த்துளி ஒன்று சிரித்துக்கொண்டிருக்கும் படம் வந்தது. அதன் கீழே எழுத்துகள்: ‘மன்னிக்கவும். தற்சமயம் தங்கள் புகாரை ஏற்க இயலவில்லை. சற்று நேரம் கழித்து மீண்டும் முயலவும். தங்கள் பொறுமைக்கு நன்றி.’

மூன்று தடவை முயன்றாள். மூன்று தடவையும் துளி சிரித்தது. ஜன்னலுக்குப் போய் முயன்றாள். தெருவில் இறங்கி நின்று முயன்றாள். அங்கே எதிர் வீட்டுக்காரரும் கையில் கைபேசியோடு நின்றிருந்தார். அவர் திரையிலும் அதே துளி அதே சிரிப்பு. திரும்பி ஓடி வந்து மேசைத் திரையைப் பார்த்தாள். தண்ணீர் அலுவலகத்தின் புள்ளி, வெயிலில் நனைந்த இலை மாதிரி, பளபளவென்று பச்சையாக இருந்தது.

“புகார் பண்ணிட்டியா?” என்றார் அத்தான் உள்ளேயிருந்து.

“அத்தான்... சர்வர் நல்லா இருக்கு.”

“அப்புறம் என்ன?”

“ஆனா மன்னிப்புக் கேக்குது.”

“அந்த மன்னிப்ப வெச்சு நான் தலைய அலசவா?”

பெரியவள் மனம் இரங்கி ஒரு செம்பு கொண்டு போனாள். சின்னவள் அந்த இரண்டு திரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. சர்வரைச் சோதிக்கும் சின்னக் கணினி நிரலை எழுதியது அவளேதான். மூன்று வெவ்வேறு ஊர்களிலிருந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அது சர்வரிடம் போய் ‘இருக்கிறாயா?’ என்று கேட்கும். ‘இருக்கிறேன்’ என்ற பதிலோடு ஒரு பக்கம் வந்தால் பச்சை. வந்த பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அது படிப்பதில்லை. கூட்டம் அதிகமாகி சர்வர் திணறும்போது காட்டுவதற்கென்று நிரல் எழுதும் பிள்ளைகள் ஒரு மன்னிப்புப் பக்கம் செய்து வைத்திருந்தார்கள். மரியாதை தெரிந்த பிள்ளைகள். அதையும் ‘இருக்கிறேன், எல்லாம் நலம்’ என்ற குறியோடுதான் அனுப்பியிருக்கிறார்கள். சுருக்கமாகச் சொன்னால், கதவைத் திறந்து ‘போய்விட்டு அப்புறம் வா’ என்று சொன்னவனையும் சின்னவள் நல்ல உபசாரக்காரன் என்று ஒரு வருடமாக எழுதி வந்திருக்கிறாள்.

அன்று சாயங்காலமும் மறுநாளும் அவள் மேசையை விட்டு எழவில்லை. யாரையும் தட்டிக் கேட்கவில்லை. அத்தான் குளியலறையிலிருந்து தானாகவே “இருக்கேன்!” என்று இரண்டு தடவை குரல் கொடுத்தார், ஒருவரும் கேட்காத பதில் சுவரில் மோதித் திரும்பியது. வெளியே வந்தவர் மனைவியிடம், “என்னவோ போல இருக்கு. கேக்க ஆளில்லாம குளிச்சா குளிச்ச மாதிரியே இல்ல” என்றார்.

யார் யாருக்கு எந்தப் பக்கம் போனது என்று சர்வரே குறித்து வைத்துக்கொள்கிறது. மன்னிப்புப் பக்கம் குட்டிப் பக்கம், எடை குறைவு. எடையைப் பார்த்தே அதைத் தனியாகப் பொறுக்கிவிட்டாள். பொறுக்கி முடித்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

“அக்கா, தண்ணி வந்த நாளெல்லாம் புகார்ப் பக்கம் பிரமாதமா வேல செஞ்சிருக்கு.”

“தண்ணி வராத நாள்?”

“அன்னிக்குத்தான் மன்னிப்பு.”

தண்ணீர் நின்றால் ஊரே ஒரே நேரத்தில் அந்தப் பக்கத்தில் போய் விழும். விழுந்ததும் அது படுத்துவிடும். தண்ணீர் வரும் நாட்களில், ஒரு குஞ்சு குருவிகூட எட்டிப் பார்க்காத வேளைகளில், அது மலை மாதிரி நின்றிருக்கிறது. அந்த மலைக்குத்தான் மூன்று ஒன்பது.

“சரி, அந்த நேரத்தையும் கழிச்சுட்டுச் சொல்லு. எவ்வளவு வருது?” என்றாள் பெரியவள்.

“மணிக்கணக்குல பாத்தா தொண்ணூத்தொம்போது புள்ளி ஆறு. மூணாவது ஒம்போது போச்சு. ஆள்கணக்குல பாத்தா, புகார் பண்ண வந்த நூறு பேருல முப்பத்தெட்டு பேருக்குத்தான் புகார் எண் கெடச்சிருக்கு. மத்தவங்க மன்னிப்ப வாங்கிட்டுப் போயிருக்காங்க.”

“முப்பத்தெட்டா? எங்க பள்ளிக்கூடத்துல முப்பத்தஞ்சு எடுத்தாலே பாஸ்டி.”

சின்னவள் சிரிக்கவில்லை. பெரியவள் ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினாள். கையில் இருந்த கோட்டுக்குக் கடைசிப் பொத்தான் மட்டும் பாக்கி.

“இங்க பாரு. யாரு உன்ன ஆள்கணக்குக் கேட்டா? ஒப்பந்தத்துல மணிக்கணக்குதானே இருக்கு? வெள்ளிக்கிழம வரைக்கும் உனக்கே தெரியாது. தெரியாத மாதிரியே திங்கக்கிழம போயிட்டு வா. கடிதம் கைக்கு வந்தப்புறம் சரி பண்ணிக்கோ.”

“பச்சையா இருக்கான்னு கேப்பாரு. என்னக்கா சொல்லட்டும்?”

“பச்சைன்னு சொல்லு! திரையில பச்சையாத்தானே இருக்கு!”

“நீ தைக்கிற சட்டைக்குத் தையலே போடாம, வெளிய தெரியாம குண்டூசிய மட்டும் குத்தி வெச்சுக் குடுப்பியா?”

“நான் சட்டைக்காரி. என் சட்ட கிழிஞ்சா நான் திரும்பத் தச்சுக்கலாம். உன் வேல கிழிஞ்சா?” என்றாள் பெரியவள். தெருவில் பாதிப் பேரிடம் தங்கை நிரந்தரம் ஆகப் போகிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறாள். மீதிப் பாதியிடம் அவர்கள் சொல்லியிருப்பார்கள். கோபத்தில் பொத்தானை இழுத்துத் தைத்தாள். தைத்த பிறகுதான் தெரிந்தது, முழுக் கோட்டிலும் அந்த ஒரு பொத்தான்தான் அரை விரற்கடை கோணல். பிரித்துத் திரும்பத் தைத்தாள். தங்கை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பெரியவள் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

திங்கட்கிழமை சின்னவள் கோட்டைப் போட்டுக்கொண்டு போனாள். சாயங்காலம் வந்து, கோட்டை நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு, தேநீரைக் கையில் வாங்கிக்கொண்டு, நடந்ததைக் குரல் மாற்றி மாற்றி நடித்துக் காட்டினாள்.

பச்சை, தண்ணீர் அலுவலக அதிகாரி, இவள். மூன்று பேர்தான் அறையில். அதிகாரி எண்ணைக் கேட்டார். இவள் இரண்டு எண்ணையும் சொன்னாள். காலில் ஆணி குத்தியவர் மாதிரி பச்சை சிரித்தார். “இவங்க கொஞ்சம் ஜோக் அடிப்பாங்க சார்.”

அதிகாரி சிரிக்கவில்லை. “ஆள்கணக்கு ஒப்பந்தத்துல இருக்கா?”

“இல்ல சார்.”

“அப்புறம் எதுக்கு எண்ணுனீங்க?”

“சார், உங்க வீட்ல தண்ணி நின்னப்ப நீங்க இந்தப் பக்கத்துல புகார் பண்ணிப் பாத்திருக்கீங்களா?”

“எங்க வீட்ல தண்ணி நிக்காதும்மா.”

இந்த இடத்தில் அத்தானுக்குத் தேநீர் புரையேறியது.

அதிகாரிக்குக் கோபம் வரும் என்று நினைத்துக்கொண்டு போனவளுக்கு அதுவும் கிடைக்கவில்லை. பழைய மூன்று ஒன்பது எண்ணையே கொடுங்கள் என்றார் அவர். அவருக்கு மேலே ஒருவர் இருக்கிறார். அவருக்கும் பச்சைதான் பிடிக்குமாம். அந்த எண்ணோடு தன் பெயரைப் போட முடியாது என்று சின்னவள் சொல்லிவிட்டாள். நீண்ட இழுபறிக்குப் பிறகு அறிக்கையில் தொண்ணூற்றொன்பது புள்ளி ஆறு பெரிய எழுத்திலும், அடியில் முப்பத்தெட்டு எறும்பு எழுத்திலும் போனது. ஒப்பந்தம் ஒரு வருடத்துக்குப் பதிலாக மூன்று மாதத்துக்கு நீண்டது. சின்னவளும் அதே மூன்று மாதத்துக்கு நீட்டப்பட்டாள். கிளம்பும்போது பச்சை அவளைத் தனியாக நிறுத்தி, “உங்கள யாரு அந்தப் பக்கத்துக்குப் போகச் சொன்னது?” என்று கேட்டார்.

“நீ என்னடி சொன்ன?”

“எங்க அத்தான் தலைல சோப்பு சார்னு சொன்னேன்.”

மறுநாள் காலையில் பேன்ட் வாங்க வந்த பெண்மணி பல்லைக் காட்டிக்கொண்டு கேட்டாள்: “தங்கச்சி நிரந்தரம் ஆயிட்டாளா?”

பெரியவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “மெயின்டனன்ஸ் நடக்குது. முன்கூட்டியே அறிவிச்சாச்சு.”

சின்னவள் சோதனை நிரலை மாற்றி எழுதினாள். யாரும் தடுக்கவில்லை, தடுக்கிற அளவுக்கு யாருக்கும் புரியவில்லை. இப்போது அது ‘இருக்கிறாயா?’ என்று கேட்டுவிட்டுத் திரும்புவதில்லை. உண்மையான ஆள் மாதிரியே உள்ளே போய், பெயர் எழுதி, வீட்டு எண் எழுதி, புகாரை எழுதி, புகார் எண்ணைக் கையில் வாங்கினால்தான் பச்சை. வீட்டு எண்ணுக்குத் தங்கள் வீட்டு எண்ணையே கொடுத்தாள். புகார்: ‘தலையில் சோப்பு. தண்ணீர் இல்லை.’ இவை வெறும் சோதனைப் புகார்கள், யாரும் பார்க்க வேண்டாம் என்று ஒரு குறியும் போட வேண்டும். அந்தக் குறியைப் போட மறந்துவிட்டாள்.

ஒரு மணி நேரம்தான் ஓடியிருக்கும். வாசலில் காக்கிச் சட்டை, கையில் குழாய் முறுக்கி, தோளில் பை, தண்ணீர் அலுவலகத்துக் குழாய்க்காரர். மூச்சு வாங்கியது.

“இங்க யாருக்குங்க தலைல சோப்பு?”

பெரியவள் தையலை நிறுத்தினாள். அத்தான், தலைக்குமேல் கத்தி தொங்குகிறவர் போல, வழுக்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

“இந்த ஒரு வீட்லேருந்து நூத்தி எண்பது புகார் வந்திருக்கு. எல்லாத்துலயும் தலைல சோப்பு. வீட்ல மொத்தம் எத்தன தலைங்க?”

“மூணு” என்றாள் பெரியவள், மரியாதையாக.

சின்னவள் மேசைக்கு ஓடிப் போய்க் குறியைப் போட்டுவிட்டு, திரும்பி வந்து அவரிடம் கைகூப்பினாள். மன்னிக்கவும் என்று சொல்ல வாயெடுத்தாள். அந்தச் சொல் வாயிலேயே நின்றுவிட்டது. “உள்ள வாங்கண்ணே, தேநீர் சாப்பிடுங்க” என்றாள். வந்ததற்கு அவர் குளியலறைக் குழாயின் இருமலைக் கழற்றிப் பார்த்துச் சரி செய்துவிட்டுப் போனார். போகும்போது, “எழுதினா வர்றோம்ல? அந்தப் பக்கம் வேல செய்யுறப்ப எழுதுங்க” என்றார். சின்னவள் வாசற்படியில் நின்று, அவர் தெரு முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் ஊரில் மறுபடி தண்ணீர் நின்றது. திரையில் பச்சைப் புள்ளிகளுக்கு நடுவே ஒன்று சிவந்தது. தண்ணீர் நின்ற நாளில் அந்த சர்வருக்கு இதுதான் முதல் சிவப்பு. “அக்கா, இங்க வந்து பாரேன்! செவப்பு!” என்று சின்னவள் குழந்தை முதல் பல்லைக் காட்டுவது மாதிரி காட்டினாள். பெரியவளுக்கு அதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று தெரியவில்லை, ஆனாலும் பட்டாள். தொலைபேசி அடித்தது. பச்சை. சின்னவள் எடுத்தாள். “இல்ல சார், செவப்பு... ஆமா சார்... இப்பதான் சார் நிஜத்தக் காட்டுது.” அந்தப் பக்கம் நெடுநேரம் சத்தமே இல்லை. “சார், இருக்கீங்களா?” என்றாள். மூன்று தடவை கேட்டாள்.

நிரந்தரக் கடிதம் இன்னும் வரவில்லை. மூன்று மாதத்தில் ஒரு மாதம் போய்விட்டது. கோட்டின் உள்பையில் இப்போதைக்குச் சீப்பு இருக்கிறது. தெருவில் யாராவது கேட்டால் பெரியவள் மெயின்டனன்ஸ் என்கிறாள். கேட்பவர்களும் என்னவோ பெரிய பதவி போலிருக்கிறது என்று தலையாட்டிவிட்டுப் போகிறார்கள்.

மதியம் அத்தான் குளிக்கப் போகிறார். நாற்காலி நகரும் சத்தம். சின்னவள் எழுந்து போய் இரண்டு விரலை மடித்துத் தட்டுகிறாள்.

“அத்தான், இருக்கீங்களா?”

“இருக்கேன்.”

அவள் ‘சரி’ சொல்லவில்லை. திரும்பவும் இல்லை. பெரியவள் மிதியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்க்கிறாள். தங்கை குளியலறைக் கதவில் காதை ஒட்டவைத்து, கண்ணை மூடிக்கொண்டு, மூச்சைப் பிடித்து நிற்கிறாள். உள்ளே ஒரு செம்புத் தண்ணீர் தலையில் விழுகிற சத்தம் கேட்கும்வரை.